கை உயர்த்திய பிறகு

வாலிபர் ஐக்கியங்களையும் முகாம்களையும் நடத்துகிற சகோதர சகோதரிகளுக்கு,

உங்கள் முகாம்களின் கடைசி இரவுக் கூட்டத்தில் தவறாமல் வருகிற ஒரு கட்டத்தைப் பற்றித்தான் இந்த மடல். பாட்டின் வேகம் குறைகிறது, முன்வரிசை விளக்குகள் சில அணைகின்றன, கீபோர்டு மட்டும் தாழ்ந்த ஒலியில் போய்க்கொண்டிருக்கிறது. கண்களை மூடச் சொல்லிவிட்டு, நாளை முதல் தினமும் வேதம் வாசித்து ஜெபிக்கத் தீர்மானிக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்கிறீர்கள். ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்கின்றன. அந்த நிமிடத்தில் யாரும் பொய் சொல்வதில்லை. ஆனால் அடுத்த முகாமில் அதே பிள்ளைகள் அதே கையை மறுபடியும் உயர்த்துகிறார்கள், இம்முறை கொஞ்சம் கூச்சத்தோடு. நடுவில் என்ன ஆயிற்று என்று கேட்டால் அனல் தணிந்துவிட்டது, முந்தின அன்பு குளிர்ந்துவிட்டது என்கிறோம். அந்த விளக்கம் பெரும்பாலும் தவறு என்று நினைக்கிறேன். நாம் அவர்களிடம் தீர்மானத்தை வாங்கிக்கொள்கிறோம். ஒழுங்கு எதையும் கொடுத்தனுப்புவதில்லை. எந்தப் பகுதியை வாசிப்பது, எந்த வேளையில், எவ்வளவு, யாரோடு என்ற நான்கையும் ஒவ்வொரு நாளும் தூக்கக் கலக்கத்தில் புதிதாக முடிவு செய்யும்படி விட்டுவிடுகிறோம். தினசரி தியானம் தலைமுறை தாண்டி நிலைத்த இடங்களைப் பார்த்தால், இந்த நான்கும் அங்கே முன்பே முடிவாகியிருந்தன. அவற்றை முடிவு செய்தது தனிமனிதரின் உற்சாகம் இல்லை, ஒரு கூட்டம்.

வேதத்திலிருந்தே தொடங்கலாம். சிங்கக்கெபிக்குப் போகுமுன் தானியேல் செய்தது அவசரகால ஜெபம் என்று பிரசங்கிக்கிறோம். ஆனால் ஆறாம் அதிகாரம் சொல்வது அதைவிடச் சாதாரணமான விஷயம்: அவர் முன்பு செய்துவந்தபடியே தினம் மூன்று வேளை, அதே மேலறையில், எருசலேமை நோக்கியிருந்த அதே பலகணிக்கு எதிரே முழங்கால்படியிட்டார். ராஜ கட்டளை வந்த அன்று அவர் புதிதாக எதையும் தீர்மானிக்கத் தேவை இருக்கவில்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுருவும் யோவானும் தேவாலயத்துக்குப் போவது ஒன்பதாம் மணி நேர ஜெபவேளையில். யோப்பாவில் பேதுரு ஜெபிக்க வீட்டின்மேல் ஏறியது ஆறாம் மணி நேரத்தில். இவை யூத மரபு வகுத்திருந்த வேளைகள், பேதுரு தமக்கென்று கண்டுபிடித்தவை அல்ல. முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுந்ததாகக் கருதப்படும் ‘டிடாகே’ என்ற சிறு நூல், கர்த்தர் கற்பித்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி விசுவாசிகளுக்குச் சொல்கிறது. இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போனதை நாம் அடிக்கடி எடுத்துக் காட்டுகிறோம். ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போவதும், ஒலிவமலைக்குப் போவதும் அவருடைய வழக்கம் என்று லூக்கா எழுதியிருப்பதை அந்த அளவுக்குச் சொல்வதில்லை. தனிமையும் வழக்கமும் அவரிடம் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

தனி அறை, தனி வேதாகமம், தனி நோட்டு, அதிகாலை அமைதி நேரம் என்று நாம் இன்று பழக்குகிற வடிவம் எவ்வளவு புதியது என்பதை வாலிபர்களிடம் சொல்ல வேண்டும். அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715-இல்தான் முழுமையாக வெளிவந்தது. அதற்கு முன்பு தமிழில் ‘தினம் ஒரு அதிகாரம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. அதற்குப் பிறகும் நெடுங்காலம் நம் முன்னோரில் மிகப் பலருக்கு எழுத்து தெரியாது. திருநெல்வேலிச் சீமையின் மிஷன் கிராமங்களில் உபதேசியார் மணியடிப்பார். வேலையிலிருந்து திரும்பியவர்கள் ஜெபவீட்டில் கூடுவார்கள். அவர் வாசிப்பார், அவர்கள் கேட்பார்கள், வசனங்களைத் திருப்பிச் சொல்வார்கள், ஜெபித்துவிட்டுக் கலைவார்கள். அந்த மக்களின் தியானம் காதால் நடந்தது, கூடி நடந்தது. குறைந்த தரமுள்ள பக்தி என்று அதைச் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? மாணவர்கள் அதிகாலையில் தனித்திருந்து வாசிக்கிற பழக்கமோ 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கேம்பிரிட்ஜ் போன்ற பல்கலைக்கழகங்களின் மாணவர் இயக்கங்கள் வழியாகப் பரவியது. நல்ல பழக்கம்தான். ஆனால் அது சொந்த அறையும் கதவும் விளக்கும் உள்ள இளைஞர்களிடையே வளர்ந்தது; அவர்களுங்கூட அதை ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்திக்கொள்ளும் இயக்கமாகவே நடத்தினார்கள். நாம் இயக்கத்தை விட்டுவிட்டு அறையை மட்டும் எடுத்துக்கொண்டோம், அதுவும் அறை இல்லாதவர்களுக்காக.

1549-இல் இங்கிலாந்துச் சபைக்குப் பொது ஜெபப் புத்தகத்தைத் தொகுத்த தாமஸ் கிரான்மர் இந்தச் சிக்கலை நேராகப் பார்த்தவர். மடங்களில் ஒரு நாளுக்கு எட்டு வேளை ஜெபம் இருந்தது. எந்த நாளில் எந்தப் பகுதி என்பதற்கான விதிகள் மிகவும் சிக்கிக் கிடந்தன. வாசிக்கிற நேரத்தைவிட, வாசிக்க வேண்டியதைத் தேடிக் கண்டுபிடிக்கிற நேரமே அதிகம் என்று தம் முன்னுரையில் குறைபட்டுக்கொள்கிறார். செல்போனில் நாற்பது வாசிப்புத் திட்டங்களுக்கு நடுவே விரலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்தக் குறை விளங்கும். கிரான்மர் எட்டு வேளையைக் காலை, மாலை என்று இரண்டாகச் சுருக்கினார். 150 சங்கீதங்களையும் மாதத்தின் 30 நாட்களுக்குக் காலையும் மாலையுமாக 60 பங்குகளாகப் பிரித்தார். முதல் தேதி காலையில் முதல் ஐந்து சங்கீதங்கள். 15-ஆம் தேதி மாலையில் 72 வசனமுள்ள 78-ஆம் சங்கீதம் ஒன்றே ஒன்று. 176 வசனமுள்ள 119-ஆம் சங்கீதம் மட்டும் 24-ஆம் தேதி மாலை தொடங்கி 26-ஆம் தேதி மாலை வரை நீளும். இன்று தேதி என்ன என்று தெரிந்தால் போதும், எதை வாசிப்பது என்ற கேள்வி எழாது. இரண்டு நாள் விட்டுப்போனாலும் பின்னால் ஓடிப் பிடிக்க வேண்டியதில்லை, இன்றைய தேதிக்கு நேராகப் போய்விடலாம். இந்த இரண்டாவது வசதிதான் பெரியது. ‘மூன்று நாள் பாக்கி இருக்கிறது, ஒன்பது அதிகாரம் சேர்த்து முடிக்க வேண்டும்’ என்ற கடன் கணக்கு அந்த ஏற்பாட்டில் கிடையாது.

நாம் புத்தாண்டில் கொடுக்கிற திட்டம் இதற்கு நேர்மாறானது. ஒரே ஆண்டில் வேதம் முழுவதும்: 1,189 அதிகாரங்கள், சாதாரண நாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து. ஆதியாகமத்தின் 50 அதிகாரங்களும் யாத்திராகமத்தின் 40 அதிகாரங்களும் ஜனவரி கடைசியில் முடிகின்றன, லேவியராகமத்தின் பலி முறைகள் தொடங்குகின்றன, பின்பு மௌனம். முதல்முறை வேதம் வாசிக்கிற பதினேழு வயதுப் பிள்ளைக்கு விளக்கம் சொல்ல ஆளில்லாமல் அந்த இடத்தைக் கடப்பது கடினம். அவன் வேதத்தை வெறுக்கவில்லை. பாக்கி ஏறிப்போய் அதைத் திறக்கவே சங்கடப்படுகிறான். ஆண்டு முழுவதற்கும் வாசிப்பு அட்டவணை தயாரித்தவர்களில் மிகவும் பேர்பெற்றவர் ஸ்காட்லாந்தில் டண்டி நகரின் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மக்‌ஷேன். 1842-இல் தம் சபையாருக்காக அதை எழுதினார். மறு ஆண்டே, 29 வயதில் இறந்துபோனார். அந்த அட்டவணையில் பலரும் கவனிக்காத இரண்டு விஷயங்கள் உண்டு. அன்றாடம் நான்கு அதிகாரங்களில் இரண்டு குடும்பமாக வாசிப்பதற்கு, இரண்டு தனியே வாசிப்பதற்கு. அதோடு, முன்னுரையில் பலன்களைச் சொல்லுமுன் ஆபத்துகளை வரிசைப்படுத்துகிறார்: வெறும் வழக்கமாகிவிடலாம், முடித்தவருக்குச் சுயநீதி வரலாம், கவனமில்லாமல் ஓட்டிவிடலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடலாம். இந்த முன்னெச்சரிக்கையை விட்டுவிட்டு அட்டவணையை மட்டும் நகலெடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சிறிதாகத் தொடங்குவது சோம்பலுக்கு இடம் கொடுப்பது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். லுத்தர் 1535-இல் தம் நாவிதர் பீட்டருக்காக ஜெபிக்கும் முறையைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். சீர்திருத்தத்தின் சிங்கம் என்று நாம் சொல்கிறவர், தமக்கே ஜெபிக்க மனமில்லாமல் குளிர்ந்துபோகிற வேளைகள் உண்டு என்பதை அதில் ஒளிக்கவில்லை. அப்போது அவர் கையாண்ட வழி, சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போவது, அல்லது ஜனங்கள் கூடியிருந்தால் ஆலயத்துக்கு ஓடுவது. அங்கே பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் சிறுபிள்ளை போல வாய்விட்டுச் சொல்வது. உணர்ச்சி வரும்வரை காத்திருக்கவில்லை. ஏற்கெனவே தெரிந்த வார்த்தைகளைச் சொல்லி உள்ளம் சூடேறவிட்டார். இதோ இன்னும் ஒரு மணி நேரத்தில் ஜெபிக்கிறேன், அதற்குள் இந்த ஒரு வேலையை முடித்துவிடுகிறேன் என்ற நினைப்பைப் பற்றி எச்சரிக்கிறார். 1535-க்கும் இன்றைக்கும் அதில் ஒரு வித்தியாசமும் இல்லை. நாவிதருக்குப் புரியும்படி, கத்தியிலும் மயிரிலும் கண் இல்லாமல் பேசிக்கொண்டே சிரைத்தால் மூக்கோ கழுத்தோ அறுபடும் என்றும் சொல்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே நேரத்தில் அளவுக்கு மீறி எடுத்துக்கொள்ளாதே, ஆவி களைத்துவிடும் என்கிறார். 1529-இல் அவர் வெளியிட்ட சிறிய ஞானோபதேசத்தில் வீட்டாருக்கான காலை ஜெப ஒழுங்கு சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும்; முடிந்ததும் சந்தோஷமாக உன் வேலைக்குப் போ என்பதுதான் அறிவுரை. மிஷனெரி சீகன்பால்கு தமிழில் பெயர்த்துத் தரங்கம்பாடி விசுவாசிகள் கையில் கொடுத்த ஞானோபதேசம் அதுதான். நம் மரபின் அடிவாரத்திலேயே குறுகிய ஒழுங்கு இருக்கிறது.

நாலு மணிக்கு எழும்பச் சொல்கிற பிரசங்கியார்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. ஜான் வெஸ்லி நாலு மணிக்கு எழும்பியவர்தான். அதற்காக இரவில் சீக்கிரமே படுத்தவரும்கூட. நாமோ நள்ளிரவு தாண்டி முழு இரவு ஜெபம் நடத்திவிட்டு, மறுநாள் காலையில் வெஸ்லியை உதாரணம் காட்டுகிறோம்.

எல்லாரும் ஒரே வசனத்தை வாசிப்பதன் பலத்துக்குச் சாட்சி ஹெர்ன்ஹூட். சாக்சனியில் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில், மொராவியாவிலிருந்து துன்புறுத்தலுக்குத் தப்பி வந்தவர்கள் 1722 முதல் அமைத்த கிராமம் அது. பிரபு சிறுவயதில் ஹாலேயில் பிராங்கேயின் பள்ளியில் படித்தவர். தரங்கம்பாடி மிஷனெரிகளிடமிருந்து வந்த செய்திகளைக் கேட்டு வளர்ந்தவர். 1728 மே 3 அன்று மாலைக் கூடுகையில் மறுநாளுக்கென்று ஒரு வாக்கியத்தைக் கொடுத்தார். பிறகு சகோதரர்கள் நாள்தோறும் வீடுவீடாகப் போய் அன்றைய வசனத்தைச் சொல்லிவிட்டு, அந்த வீட்டாரின் நலத்தையும் விசாரித்து வந்தார்கள். 1731-க்கு முழு ஆண்டுக்கான வசனங்கள் புத்தகமாக அச்சாயின. அன்று முதல் இன்று வரை ஒரு வருடமும் தவறவில்லை. இப்போது ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனங்களை இன்றும் ஹெர்ன்ஹூட்டில் சீட்டுப் போட்டே எடுக்கிறார்கள். நம் சபைகளில் டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் குவித்து வைத்த வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை எடுப்போமே, அதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் சீட்டு இருக்கிறது. அங்கே சீட்டு ஊர் முழுவதற்கும் ஒரே வசனத்தை, நாளுக்கொன்றாகக் கொடுத்தது. இங்கே ஆளுக்கொரு வசனத்தை, வருடத்துக்கொன்றாகக் கொடுக்கிறது. அவர்களுடையது மறுநாள் கதவைத் தட்டிப் பேச ஒரு பொருளைத் தந்தது. நம்முடையது வேதாகமத்தின் உள்ளட்டைக்குள் போய்விடுகிறது. வாட்ஸ்அப் குழுவில் விடியற்காலை விழுகிற வசனப் படமும் அப்படித்தான்: ரோஜாப்பூ, சூரிய உதயம், நடுவில் பாதி வசனம், கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். யாரும் யாரிடமும் எதையும் விசாரிப்பதில்லை.

பழக்கம் எப்படிப் படிகிறது என்பதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து, முடிவுகளை 2010-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு சின்னச் செயலைத் தேர்ந்துகொண்டார்கள். பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, கொஞ்சம் ஓடுவது போல. அதை நாளுக்கொரு முறை, ‘காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு’ என்பது மாதிரி ஒரே சந்தர்ப்பத்தோடு சேர்த்துச் செய்ய வேண்டும். யோசிக்காமலே அதைச் செய்கிற நிலை வருவதற்கு நடுத்தரமாக 66 நாட்கள் என்று கணக்கு வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. 254 என்ற உயர் எண் கணக்கிட்டு வந்த மதிப்பீடு என்பதையும், இந்த ஆய்வில் யாரும் ஜெபத்தை அளக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜெபம் தண்ணீர் குடிப்பதற்குச் சமம் இல்லை. ஆனால் வேதாகமத்தைக் கையில் எடுப்பதும் நாற்காலியில் உட்கார்வதும் உடம்பு செய்கிற வேலைகள். எல்லாப் பழக்கங்களையும் போலத்தான் அவையும் படியும். நமக்கு மிகவும் வேண்டிய முடிவு வேறொன்று: இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் படிவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. செல்போன் செயலிகள் தொடர்ச்சியாக எத்தனை நாள் என்று எண்ணிக் காட்டி, ஒரு நாள் தவறினால் எண்ணைப் பூஜ்யத்துக்குத் தள்ளுகின்றன. 40 நாள் வாசித்து 41-ஆம் நாள் காய்ச்சலில் படுத்த பெண்ணுக்கு, நீ ஒன்றுமே செய்யவில்லை என்று அந்தத் திரை சொல்கிறது. அது உண்மையும் இல்லை, சுவிசேஷமும் இல்லை. நாம் மேடையில் நின்று பின்மாற்றம் என்று பேசும்போதும் அநேகமாக இதையேதான் சொல்கிறோம்.

இனி நீங்கள் எழுப்பக்கூடிய மறுப்புகள். முதலாவது, நேரமும் பகுதியும் வார்த்தையும் முன்பே குறித்துவிட்டால் தியானம் சடங்காகிவிடாதா? பெந்தெகொஸ்தே பின்னணியிலிருந்து வருகிறவர்களுக்கு இது உண்மையான பயம். ஜெபப் புத்தகத்தை வாய்ப்பாடு போல ஒப்பிக்கும் ஆராதனைகளைப் பார்த்தவர்கள் யாரும் இதைத் தள்ளிவிட முடியாது. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் வீண்வார்த்தைகளை அலப்பாதிருக்கும்படி ஆண்டவர் சொல்வதையும் இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். ஆனால் அதைச் சொன்ன வாயோடே அவர் ஒரு குறிப்பிட்ட ஜெபத்தைக் கற்றுக்கொடுக்கிறார், அதுவும் மிகவும் சுருக்கமான ஜெபத்தை. அங்கே அவர் கண்டிப்பது, நிறையப் பேசினால் கேட்கப்படும் என்ற எண்ணத்தை. அந்த எண்ணம் ஜெபப் புத்தகத்தைப் பிடித்திருக்கிறவரிடமும் இருக்கலாம், ஒரு மணி நேரம் சுயமாக ஜெபிக்கிறவரிடமும் இருக்கலாம். ஒழுங்கு இல்லாத ஜெபத்துக்கும் தேய்ந்த தடம் உண்டு. எந்த ஜெபக்கூட்டத்திலும் ஐந்து பேர் ஜெபித்ததைக் கேட்டால் அடுத்தவர் எப்படித் தொடங்குவார், எங்கே முடிப்பார் என்று நமக்குத் தெரியும். சடங்காகிற ஆபத்துக்கு மருந்து, ஒழுங்குக்குள் தாராளமாக இடம் விடுவது. உள்ளம் அனல்கொண்டுவிட்டால் வகுத்ததை அங்கேயே நிறுத்திவிடலாம் என்று லுத்தர் தம் நாவிதருக்குச் சொன்னதும் இதற்காகத்தான்.

இரண்டாவது மறுப்பும் அதே அதிகாரத்திலிருந்தே வரும்: அறைவீட்டுக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொல்லியிருக்க, தியானத்தைக் கூட்டு விஷயமாக்குவது சரியா? ஆண்டவர் அங்கே எதிர்க்கிறது வீதிச் சந்திகளில் நின்று பிறர் காணச் செய்கிற பகட்டை. கூடி ஜெபிப்பதையே தடுத்திருந்தால் எருசலேமில் மேல்வீட்டுக் கூடுகை நடந்திருக்காது. இந்த மறுப்பில் ஒரு நியாயம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழுவில் யார் யார் வாசித்தார்கள் என்று டிக் போடச் சொல்வது வீதிச் சந்தியின் புதிய வடிவமாகிவிடும். வாசித்தவன் பெருமைப்படுவான், வாசிக்காதவனும் டிக் போடுவான். அதனால்தான் கூட்டத்துக்குப் பதில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சொல்கிறேன். கேட்க வேண்டிய கேள்வியும் ‘வாசித்தாயா?’ என்பதாக இருக்க வேண்டாம். ‘அந்தப் பகுதியில் உனக்கு எது விளங்கவில்லை?’ என்று கேட்கட்டும். வாசிக்காதவனால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதே சமயம் அவன் விசாரணைக் கூண்டில் நிற்பதாகவும் இராது.

மூன்றாவது மறுப்பு உங்களிடமிருந்து வராது, உங்கள் பிள்ளைகளிடமிருந்து வர வேண்டியது. அவர்கள் அதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் வாரம் ஒரு ஷிப்ட் மாறுகிறவனுக்கு ‘அதிகாலை’ என்பது எது? இரவு டியூட்டி முடித்து எட்டு மணிக்கு அறை திரும்பும் நர்ஸுக்கு? கல்யாணமான பெண்ணுக்கு அதிகாலை என்பது டிபன் பாக்ஸ் கட்டுகிற நேரம். அவள் கணவன் அமைதியாகத் தியானிப்பதே அவள் அடுப்படியில் நிற்பதால்தான். கடிகார மணியோடு தியானத்தைக் கட்டினால் இவர்கள் எல்லாரும் பக்தியில் இரண்டாம் தரமாகிவிடுகிறார்கள். எந்த ஷிப்டிலும் மாறாத ஒரு செயலோடு கட்டினால் அந்தச் சிக்கல் இல்லை: பல் துலக்கியதும், கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும், டியூட்டி முடிந்து முகம் கழுவியதும், குழந்தையைப் பள்ளி வேனில் ஏற்றியதும். கைகள் வேலையாக இருக்கிறவர்கள் காதால் வேதத்தைக் கேட்கலாம். நம் கிராமத்து முன்னோர் அப்படித்தான் கேட்டார்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, எதைக் கொடுத்தனுப்பச் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்பது நியாயம். தபால் அட்டை அளவில் ஒரு அட்டை போதும். பகுதியை நீங்களே முடிவு செய்து அச்சிட்டுவிடுங்கள். அதைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கு விடவேண்டாம். மாற்கு சுவிசேஷம் நல்ல தொடக்கம்: 678 வசனம், நாளுக்குப் பத்துப் பத்தாக 68 நாள். லாலியின் 66-க்கு அருகில் வருவது தற்செயல்தான், ஆனாலும் வசதியான தற்செயல். அதோடு தேதிப்படி கிரான்மர் பங்கிலிருந்து ஒரே ஒரு சங்கீதம், பிறகு கர்த்தருடைய ஜெபம். அவசரமில்லாமல் செய்தாலும் பத்து நிமிடத்தைத் தாண்டாது. அதற்கு மேல் ஜெபிக்க விரும்புகிறவரை யாரும் தடுக்கப் போவதில்லை. அட்டையில் இரண்டு கோடுகள் காலியாக இருக்கட்டும்: எந்தச் செயலுக்குப் பிறகு, யாரோடு. இந்த இரண்டையும் முகாம் முடியுமுன், அந்த மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே எழுத வையுங்கள். விட்டுப்போன நாளைச் சேர்த்து வாசிக்க வேண்டியதில்லை, இன்றைய பகுதிக்குப் போ என்று கீழே தெளிவாக அச்சிடுங்கள். இல்லாவிட்டால் நம் பிள்ளைகள் கட்டாயம் பாக்கி வைத்துக்கொள்வார்கள். ஒருவருடைய வீட்டில் அவர் ஒருவரே விசுவாசியாக இருந்தால், அவருக்குத் துணையைத் தேடிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு, அவருடையது இல்லை.

கடைசியாக, இதை எவ்வளவு காலம் நீங்கள் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்ற கேள்வி. ஜெர்மனியில் நாசிகளுக்கு எதிரான சபைக்குப் போதகர்களைப் பயிற்றுவிக்க டீட்ரிக் பான்ஹோஃபர் 1935 முதல் ஃபிங்கன்வால்டேயில் ஒரு சிறு இறையியல் பள்ளி நடத்தினார். வாரம் முழுவதற்கும் சில வசனங்கள் மட்டும், தினம் அரை மணி நேரம், பிரசங்கத் தயாரிப்புக்காக இல்லாமல் மௌனமாகத் தியானிக்க வேண்டும் என்பது ஒழுங்கு. மாணவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அந்த அரை மணியில் என்ன செய்வது என்றே தெரியவில்லை என்று முறையிட்டார்கள். கார்ல் பார்த் போன்ற பெரிய இறையியலாளருக்கே அதில் மடத்து வாடை அடிப்பதாகப் பட்டது. பான்ஹோஃபர் அவர்களைக் கடிந்துகொண்டு விடவும் இல்லை, ஒழுங்கைக் கைவிடவும் இல்லை. அவர்களோடு தாமும் உட்கார்ந்தார். 1937-இல் கெஸ்டபோ பள்ளியை மூடியது. மாணவர்கள் ஊர் ஊராகச் சிதறினார்கள், பிறகு பலர் போர்முனைக்கும் போனார்கள். அவர்களுக்கு அவர் சுற்றுக்கடிதங்கள் எழுதினார். அவற்றில் வாரந்தோறும் தியானிக்க வேண்டிய பகுதிகளையும் குறித்து அனுப்பினார். பின்னாளில் அவரே டெகல் சிறையில் இருந்தபோது அவர் கையில் இருந்தது ஹெர்ன்ஹூட்டின் அன்றாட வசனப் புத்தகம். அதே வசனத்தை வெளியே தம் நண்பர்களும் அன்று வாசிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். உங்கள் ஐக்கியத்துப் பிள்ளைகளும் இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் ஓசூருக்கும் பெங்களூருக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போய்விடுவார்கள். போனவர்களின் பெயரை ஐக்கியத்துப் பதிவேட்டில் அடித்துவிடாமல், மாற்கு முடிந்ததும் அடுத்த அட்டையை அவர்களுடைய விலாசத்துக்கு அனுப்புங்கள். அதில் இருக்கிற பகுதியை அந்த வாரம் நீங்களும் வாசியுங்கள். எது விளங்கவில்லை என்று அவர்கள் போன் செய்து உங்களிடம் கேட்கக்கூடும்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் உடன் விசுவாசி